எஸ். எஸ். வாசன்

எஸ். எஸ். வாசன் (1904 - ஆகஸ்ட் 26, 1969) தமிழ்நாட்டைச் சேர்ந்த இதழாளர், எழுத்தாளர், திரைப்படத் தயாரிப்பாளர் மற்றும் இயக்குநர் ஆவார். ஆனந்த விகடன் இதழின் உரிமையாளராகவும் ஜெமினி ஸ்டூடியோவின் நிறுவனராகவும் பரவலாக அறியப்படுபவர். அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் திருத்துறைப்பூண்டியில் பிறந்த இவர், தம் தொழில் வாழ்க்கையை விளம்பர முகவராகத் தொடங்கினார். விளம்பரத் தொழிலில் கற்றுக்கொண்டவற்றை முதலில் இதழுக்கும் பின்னர் திரைப்படத்துக்கும் கொண்டு சென்றமையே இவரைச் சமகாலத்தவரிடமிருந்து வேறுபடுத்துகிறது. தமிழகத்தில் விளம்பரம், இதழ், பொதுமக்கள் கருத்து ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்தன என்பதை இவரது வாழ்க்கை வரலாற்றின் வழியே அறியலாம்.

பிறப்பும் இளமையும்

வாசனின் இயற்பெயர் சீனிவாசன். தந்தையார் சுப்பிரமணிய ஐயர், தாயார் வாலாம்பாள். பிறந்த ஊரான திருத்துறைப்பூண்டி, காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியில் அமைந்த நெல் விளையும் ஊராகும். இவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை தஞ்சாவூர் மாவட்ட ஆட்சி மன்றத்தின் முதலீட்டில் போடப்பட்ட இருப்புப்பாதை 1894 ஆம் ஆண்டிலேயே இவ்வூர் வழியாகச் சென்றது. நெல் மூட்டைகளை வெளியூர்களுக்குக் கொண்டுசென்ற இந்தத் தொடர்வண்டிகளே சென்னையிலிருந்து அஞ்சலையும் செய்தித்தாள்களையும் கடைமடை ஊர்களுக்குக் கொண்டுவந்தன. பிற்காலத்தில் வாசன் நடத்திய அஞ்சல்வழி வணிகமும் இதழ் விற்பனையும் இத்தகைய இருப்புப்பாதை ஊர்களை நம்பியே வளர்ந்தன.

வாசன் நான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோதே தந்தையை இழந்தார். தாயின் உழைப்பிலேயே வளர்ந்த இவர், மேற்படிப்புக்காகத் தாயாருடன் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். குடும்பத்தின் வறுமை காரணமாகப் படிப்பை நிறைவு செய்ய இயலவில்லை. பொருளீட்ட வேண்டிய கட்டாயமே இவரை விளம்பரத் தொழிலுக்கு இட்டுச் சென்றது.

அக்காலத் தமிழ் இதழ்களும் விளம்பரமும்

தமிழ்ச் செய்தித்தாள்களின் முன்னோடியான சுதேசமித்திரனை 1882 ஆம் ஆண்டில் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயரும் தஞ்சை மாவட்டத்தவரே. திருவையாற்றில் பிறந்த அவரைப் போன்றோருக்கு இதழ் என்பது அரசியல் கருத்தைப் பரப்பும் கருவியாக இருந்தது. அத்தகைய இதழ்கள் பெரும்பாலும் சந்தாவையும் புரவலர்களின் நன்கொடையையும் நம்பியிருந்தன. சந்தா நிலுவையாலும் தாள் விலையாலும் நின்றுபோன இதழ்கள் பல.

இதே காலத்தில் விளம்பரம் குறித்து இந்திய இதழாளர்களிடையே இருவேறு நிலைப்பாடுகள் இருந்தன. மகாத்மா காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய இந்தியன் ஒப்பீனியன் இதழில் 1912 ஆம் ஆண்டுடன் விளம்பரங்களை நிறுத்தினார். பின்னர் இந்தியாவில் நடத்திய யங் இந்தியா, நவஜீவன் ஆகிய இதழ்களிலும் விளம்பரம் ஏற்கவில்லை. வாசகர் தரும் பணத்தைக் கொண்டே ஓர் இதழ் நடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மாறாக, காசிநாதுனி நாகேசுவர ராவ் அமிர்தாஞ்சன் வலிநிவாரணியை விரிவாக விளம்பரப்படுத்தி விற்றார். அவ்வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு ஆந்திர பத்திரிகா என்னும் தேசிய இதழை நடத்தினார். வாசன் இவ்விரண்டு வழிகளிலிருந்தும் வேறுபட்ட மூன்றாவது வழியில் சென்றார். இதழையே மக்கள் விரும்பி வாங்கும் ஒரு பண்டமாக்கி, அவ்வாறு திரண்ட வாசகர் கூட்டத்தை விளம்பரதாரரிடம் எடுத்துக் காட்டுவதே அவ்வழியாகும்.

விளம்பர முகவர்

கல்லூரியை விட்ட வாசன், வணிக நிறுவனங்களிடமிருந்து விளம்பரங்களைத் திரட்டி இதழ்களுக்கு அளிக்கும் முகவராகப் பணியாற்றினார். கூடவே அஞ்சல்வழி வணிகமும் செய்தார். இதழில் விளம்பரம் கொடுப்பது, வாசகரிடமிருந்து அஞ்சலட்டையில் கேட்பு வருவது, பொருளை வி.பி.பி. மூலம் அனுப்பிப் பணம் பெறுவது என்பதே அவ்வணிகத்தின் முறை. இல்லற வாழ்க்கையின் இரகசியங்கள் என்னும் தமது நூலையும் இவர் இவ்வாறே விளம்பரப்படுத்தி விற்றார்.

அஞ்சல்வழி வணிகத்தில் விளம்பரத்தின் பயன் உடனுக்குடன் தெரிந்துவிடும். எந்தச் சொல்லுக்கு எத்தனை அஞ்சலட்டை வந்தது, எந்த இதழில் வெளியிட்டால் எந்த ஊரிலிருந்து கேட்பு வந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். வாசகர் எவர், எங்கிருக்கிறார், எதை விரும்புகிறார் என்பதைப் பற்றிய அறிவு இவருக்கு இத்தொழிலிலேயே கிடைத்தது. அக்காலத்துப் பெரும்பாலான இதழாசிரியர்கள் எழுத்தின் வழியாகவோ அரசியலின் வழியாகவோ இதழியலுக்கு வந்தவர்கள். வாசனோ சந்தையின் வழியாக வந்தவர்.

ஆனந்த விகடன்

ஆனந்த விகடன் இதழை 1926 ஆம் ஆண்டு பெப்ரவரியில் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கினார். நகைச்சுவையை முதன்மையாகக் கொண்ட அவ்விதழ் பொருள் நெருக்கடியால் 1927 ஆம் ஆண்டின் இறுதியில் நின்றது. அதில் தொடர்ந்து விளம்பரம் கொடுத்து வந்த வாசன், இதழின் உரிமையையே வாங்க முன்வந்தார். எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாயாக, ஆனந்தவிகடன் என்னும் எட்டு எழுத்துகளுக்கும் சேர்த்து 200 ரூபாய் விலை பேசப்பட்டது. வாசனின் பொறுப்பில் முதல் இதழ் 1928 ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்தது.

பெயருக்கு விலை கொடுத்த இந்நிகழ்வு தமிழ் இதழியல் வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. வாசன் அப்போது வாங்கியது அச்சு இயந்திரமோ கட்டடமோ அன்று. மக்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்த ஒரு பெயரையே வாங்கினார். வணிகப் பெயரின் மதிப்பை ஒரு விளம்பரக்காரரின் கண்கொண்டு நோக்கியதாலேயே நின்றுபோன இதழுக்கும் அவர் விலை கொடுத்தார்.

மாத இதழாக இருந்த விகடன் படிப்படியாக வெளியீட்டு இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வார இதழானது. நகைச்சுவைத் துணுக்குகள், கேலிச்சித்திரங்கள், சிறுகதைகள், தொடர்கதைகள், இசை மற்றும் நாடக விமரிசனங்கள், அரசியல் கட்டுரைகள் ஆகியன ஒரே இதழில் இடம்பெற்றன. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும் என்பதே இதன் அமைப்பு. இதழ் ஒரு வீட்டில் பலர் கைக்குச் செல்லும்போது அதில் வெளிவரும் விளம்பரத்தின் மதிப்பும் உயர்கிறது. விளம்பர வருவாய் உயரும்போது இதழைக் குறைந்த விலைக்கு விற்க இயலுகிறது. விலை குறைந்தால் வாசகர் மேலும் பெருகுகின்றனர். இச்சுழற்சியைத் தமிழில் வெற்றிகரமாக நடத்திக் காட்டிய முன்னோடிகளுள் வாசன் முதன்மையானவர்.

எழுத்தாளர்களும் ஓவியர்களும்

விகடனின் வளர்ச்சியில் பெரும் பங்கு கல்கி என்னும் புனைபெயரில் எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்தியைச் சாரும். மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, திரு. வி. கலியாணசுந்தர முதலியாரின் நவசக்தியிலும், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராஜாஜி நடத்திய மதுவிலக்குப் பரப்புரை இதழான விமோசனத்திலும் பணியாற்றியவர். காந்திய இயக்கத்தின் பரப்புரையில் பயின்ற அவரது எழுத்தும், வணிக விளம்பரத்தில் பயின்ற வாசனின் நிருவாகமும் விகடனில் இணைந்தன. 1930களில் விடுதலை இயக்கம், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை பற்றிய கருத்துகள், அரசியல் இதழ்களைத் தொடாத குடும்பங்களுக்கும் நகைச்சுவையோடும் கதையோடும் கலந்து சென்று சேர்ந்தன.

திருவிடைமருதூரைச் சேர்ந்த தேவன் என்னும் ஆர். மகாதேவன் விகடனில் வளர்ந்து அதன் நிருவாக ஆசிரியரானார். கேலிச்சித்திரக்காரர் மாலி இதழுக்குத் தனி முகம் கொடுத்தார். தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு, 1940களில் விகடனில் சேர்ந்தார். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தில்லானா மோகனாம்பாள் தொடருக்கு அவர் வரைந்த ஓவியங்கள் தஞ்சை மண்ணின் கோயில்களையும் நாகசுரக் கலைஞர்களையும் வாசகர் கண்முன் நிறுத்தின. காவிரிப் பகுதியின் பேச்சும் பழக்கங்களும் தமிழ் வெகுசன இதழ்களில் மிகுதியாக இடம்பெற்றதற்கு, இதழை நடத்தியோரிலும் எழுதியோரிலும் பலர் அப்பகுதியினராக இருந்தது ஒரு காரணமாகும். இதனால் அப்பகுதியின் ஒரு சாராருடைய வாழ்க்கையே தமிழர் அனைவரின் வாழ்க்கையாகக் காட்டப்பட்டது என்ற விமரிசனமும் உண்டு.

குறுக்கெழுத்துப் போட்டி

விற்பனையைப் பெருக்க வாசன் கையாண்ட உத்திகளில் மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி ஆகும். 1930களில் விகடனில் இப்போட்டி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. விகடன் நிறுவனம் ஆங்கிலத்தில் மெர்ரி மேகசின் என்னும் இதழையும் அக்காலத்தில் வெளியிட்டது.

இவ்வகைப் பரிசுப் போட்டிகளில் ஒரே குறிப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் பொருந்துமாறு கட்டங்கள் அமைவது வழக்கம். போட்டி நடத்துவோர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்த விடையோடு ஒத்துப்போகும் விடைக்கே பரிசு கிடைக்கும். எனவே போட்டியாளர் பலர் பல விடைத்தாள்களை அனுப்பினர். விடையை இதழில் உள்ள படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டியிருந்தால் ஒருவரே பல படிகள் வாங்க நேரிடும். விற்பனை எண்ணிக்கை இதனால் உயரும். ஆனால் வாங்கப்பட்ட படிகள் அனைத்தும் படிக்கப்பட்டனவா என்ற கேள்வி எழும். விளம்பரதாரருக்குக் காட்டப்படும் எண்ணிக்கைக்கும் உண்மையான வாசகர் எண்ணிக்கைக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு, பிற்கால ஊடகங்கள் அனைத்திலும் தொடரும் சிக்கலாகும்.

இத்தகைய போட்டிகள் அறிவுப் பயிற்சியா அல்லது சூதாட்டமா என்ற விவாதம் இந்தியா முழுவதும் எழுந்தது. இந்திய நாடாளுமன்றம் 1955 ஆம் ஆண்டில் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. ஒரு மாதத்தில் அளிக்கப்படும் பரிசின் மொத்த மதிப்பு 1000 ரூபாயைத் தாண்டக்கூடாது எனவும், ஒரு போட்டிக்கான விடைத்தாள்கள் 2000க்கு மிகக்கூடாது எனவும் அச்சட்டம் வரையறுத்தது. 1957 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், தற்செயலை நம்பிய போட்டிகளைப் பொறுத்தவரை இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

தொடர்கதையிலிருந்து திரைப்படம்

வாசன் விகடனில் எழுதிய சதி லீலாவதி என்னும் தொடர்கதை, 1936 ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் அதே பெயரில் திரைப்படமாக வெளிவந்தது. மதுவின் தீமையைச் சொல்லும் இப்படத்திலேயே ம. கோ. இராமச்சந்திரன் ஒரு சிறு வேடத்தில் அறிமுகமானார். பிற்காலத்தில் திரைப்படத்தின் மூலம் பெற்ற மக்கள் செல்வாக்கைக் கொண்டு தமிழக முதலமைச்சரானவர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இதழும் திரைப்படமும் ஒன்றையொன்று தாங்கி நிற்க முடியும் என்பதைத் தெளிவாக உணர்த்தியது தியாகபூமி ஆகும். கல்கி எழுதிய இக்கதையைப் பாபநாசத்தில் பிறந்த கே. சுப்பிரமணியம் திரைப்படமாக எடுத்தார். கதை விகடனில் தொடராக வெளிவந்தபோதே படப்பிடிப்பும் நடந்தது. வழக்கமான ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் நிழற்படங்களே தொடருடன் அச்சிடப்பட்டன. சம்பு சாஸ்திரியாக நடித்த பாபநாசம் சிவனின் முகமும், சாவித்திரியாக நடித்த எஸ். டி. சுப்புலட்சுமியின் முகமும் படம் வெளிவரும் முன்பே வாசகருக்குப் பழகிவிட்டன. வாரந்தோறும் கதையைப் படித்தவர்கள் தம்மை அறியாமலேயே ஒரு திரைப்பட விளம்பரத்தையும் பார்த்து வந்தனர். கதை எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாத நிலை தமிழ் இதழியலில் இவ்வாறு தோன்றியது.

தியாகபூமி 1939 ஆம் ஆண்டு மே மாதம் வெளியிடப்பட்டது. தீண்டாமை எதிர்ப்பும் காந்தியக் கருத்துகளும் நிறைந்த இப்படம், சென்னை மாகாணக் காங்கிரசு அமைச்சரவை விலகிய பின்னர் பிரித்தானிய அரசால் தடை செய்யப்பட்டது. தடை வரப்போகும் செய்தி பரவியதும் சென்னை கெயிட்டி திரையரங்கில் படம் இலவசமாகத் தொடர்ந்து காட்டப்பட்டது. வணிகத்துக்காக உருவாக்கப்பட்ட விளம்பர ஏற்பாடு அரசியல் கருத்தையும் மக்களிடம் கொண்டு செல்ல வல்லது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

கல்கி 1941 ஆம் ஆண்டில் விகடனை விட்டு விலகினார். அவ்வாண்டிலேயே தி. சதாசிவத்துடன் இணைந்து கல்கி வார இதழைத் தொடங்கினார். அதற்கான முதலீட்டுக்காக எம். எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி திரைப்படத்தில் நாரதராக நடித்தார். புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவருக்கும்கூட இதழ் தொடங்கத் திரைப்படத் துறையின் பணம் தேவைப்பட்டது என்பதை இது காட்டுகிறது.

ஜெமினி ஸ்டூடியோ

கே. சுப்பிரமணியம் முதலியோர் சென்னை மவுண்ட் ரோட்டில் நடத்திவந்த படப்பிடிப்பு நிலையம் தீ விபத்துக்குள்ளாகி ஏலத்துக்கு வந்தது. வாசன் அதனை ஏறத்தாழ 86 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி ஜெமினி ஸ்டூடியோ எனப் பெயரிட்டார். இரட்டைச் சிறுவர்கள் ஊதுகொம்பு ஊதும் அதன் சின்னம் படிப்பறியாதவரும் அடையாளம் காணக்கூடியதாக இருந்தது.

மதனகாமராஜன் (1941), நந்தனார் (1942), பால நாகம்மா (தெலுங்கு, 1942), மங்கம்மா சபதம் (1943) ஆகியவை இந்நிறுவனத்தின் தொடக்ககாலப் படங்கள். இவற்றுள் நந்தனார், சோழநாட்டின் ஆதனூரில் வயல் வேலை செய்த அடியார் ஒருவரின் கதையாகும். தண்டபாணி தேசிகர் இதில் நந்தனாராக நடித்தார்.

1947 ஆம் ஆண்டில் வெளிவந்த மிஸ் மாலினி, ஆர். கே. நாராயணின் கதையை அடிப்படையாகக் கொண்டது. வாய்ச்சாலகத்தாலும் பகட்டாலும் பிறரை நம்பவைத்துத் தொழில் நடத்தும் சம்பத் என்னும் மனிதரைப் பற்றிய நையாண்டி இது. 1952 ஆம் ஆண்டில் வாசன் இதனை மிஸ்டர் சம்பத் என்னும் பெயரில் இந்தியில் தாமே இயக்கினார். விளம்பரத்தால் வளர்ந்த ஒரு நிறுவனமே விளம்பரப் பகட்டைக் கேலி செய்யும் படத்தை எடுத்தது கவனிக்கத்தக்கது.

சந்திரலேகா

வாசனின் விளம்பர உத்திகள் முழுமையாக வெளிப்பட்டது சந்திரலேகா திரைப்படத்தில் ஆகும். மங்கம்மா சபதத்தின் வெற்றிக்குப் பின், கதை முடிவாகும் முன்பே சந்திரலேகா என்ற பெயரை வாசன் விளம்பரப்படுத்தத் தொடங்கினார். ஜெமினி கதை இலாகாவைச் சேர்ந்த வேப்பத்தூர் கிட்டு முதலியோர் அப்பெயருக்கு ஏற்ற கதையைப் பின்னரே உருவாக்கினர். பண்டம் உருவாகும் முன்பே அதன்மீது விருப்பத்தை உருவாக்கும் இம்முறை அன்றைய இந்தியத் திரையுலகுக்குப் புதிது.

டி. ஜி. இராகவாச்சாரி இயக்கத்தில் தொடங்கிய படத்தை இடையில் வாசனே ஏற்று இயக்கினார். தஞ்சாவூரைச் சேர்ந்த டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் ஆகியோர் நடித்தனர். ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய் செலவானதாகக் கூறப்படுகிறது. படத்தை முடிக்க வாசன் தம் சொத்துக்களை அடமானம் வைத்தார். 1948 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று தமிழிலும், அவ்வாண்டு டிசம்பரில் இந்தியிலும் படம் வெளியானது. தமிழில் தென்னிந்தியா முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்ட திரையரங்குகளில் ஒரே சமயத்தில் திரையிடப்பட்டது. செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரங்களும் ஊர்தோறும் சுவரொட்டிகளும் இடம்பெற்றன. பெரிய முரசுகளின் மீது நடனமாடும் காட்சி படத்தின் அடையாளமாகவே ஆயிற்று.

சந்திரலேகாவுக்குப் பின் திரைப்பட விளம்பரச் செலவு கட்டுமீறிப் போனதால், செய்தித்தாள் விளம்பரத்தின் அளவைக் கால் பக்கமாகக் கட்டுப்படுத்தத் திரைப்பட வர்த்தக சபை முடிவு செய்ததாகச் சென்னை வரலாற்றாளர் எஸ். முத்தையா எழுதியுள்ளார். ஒருவர் உரக்கக் கூவினால் பிறரும் கூவ வேண்டியதாகிறது. முடிவில் செலவு மட்டுமே எஞ்சுகிறது. இதனைத் தொழில்துறையினரே உணர்ந்ததன் விளைவாக இக்கட்டுப்பாட்டைக் கருதலாம்.

தம் படங்கள் உழவர் பெருமக்களுக்கான பெருங்காட்சிகள் என்று வாசன் விளக்கியதுண்டு. சிற்றூர் மக்களுக்குத் தண்டோராவும் திருவிழா முரசும் பழக்கமானவை. செய்தித்தாள் படிக்காத அம்மக்களைச் சுவரொட்டியாலும் காட்சிப் பெருமையாலும் ஈர்க்க முடியும் என்பதை வாசன் நன்கு அறிந்திருந்தார்.

செய்தித் தொடர்பும் பொதுமக்கள் கருத்தும்

ஜெமினி ஸ்டூடியோவில் செய்தித் தொடர்புக்கெனத் தனிப் பிரிவு இருந்தது. எழுத்தாளர் அசோகமித்திரன் 1952 ஆம் ஆண்டு முதல் 1966 ஆம் ஆண்டு வரை இங்குப் பணியாற்றினார். செய்தித்தாள்களில் வெளிவரும் பல்வேறு செய்திகளை வெட்டியெடுத்துக் கோப்புகளில் சேர்ப்பது அவரது பணிகளுள் ஒன்று. நிறுவனம் தன்னைப் பற்றிப் பேசுவதோடு நில்லாமல், நாட்டில் பேசப்படுவதையும் முறையாகத் திரட்டி வந்ததை இதனால் அறியலாம். தம் பணிக்கால நினைவுகளை அசோகமித்திரன் ஆங்கிலத்தில் நூலாக எழுதியுள்ளார்.

அந்நினைவுகளில் இடம்பெறும் ஒரு நிகழ்வு, பொதுமக்கள் கருத்தை உருவாக்க முயல்வோரும் பிறரால் பயன்படுத்தப்படலாம் என்பதைக் காட்டுகிறது. 1952 ஆம் ஆண்டில் அறநெறி மீட்பு இயக்கம் என்னும் பன்னாட்டு அமைப்பைச் சேர்ந்த சுமார் 200 பேர் சென்னைக்கு வந்து நாடகங்களை நடத்தினர். ஜெமினி ஸ்டூடியோ அவர்களை வரவேற்று உபசரித்தது. அவ்வமைப்பு உலகப் பொதுவுடைமை இயக்கத்துக்கு எதிரான பரப்புரையை நோக்கமாகக் கொண்டது என்பதைப் பின்னரே அறிந்துகொண்டதாகவும், வாசன் போன்ற சென்னையின் பெருமுதலாளிகள் அதற்குத் துணைபோனதாகவும் அசோகமித்திரன் கருதினார்.

அதே 1952 ஆம் ஆண்டில்தான் வாசனின் பிறந்த மாவட்டத்தில் குத்தகை உழவர்களும் பண்ணையாட்களும் நடத்திய போராட்டங்களின் விளைவாகத் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. திருத்துறைப்பூண்டி வட்டாரம் அப்போராட்டத்தின் முக்கியமான களங்களுள் ஒன்று. பி. சீனிவாசராவ் முதலிய தலைவர்கள் சேரிதோறும் நடந்து சென்று, கூட்டங்கள் மூலமும் நேர்ப்பேச்சின் மூலமும் கருத்தைப் பரப்பினர். இதழும் விளம்பரமும் இன்றியே ஒரு மாவட்டத்தின் பொதுக்கருத்து மாறக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

மதிப்பீடு

வாசனின் பணியைப் பற்றி இருவேறு மதிப்பீடுகள் உண்டு. விளம்பரத்தால் கிடைத்த வருவாயே எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் மாத ஊதியம் கொடுத்தது, குறைந்த விலையில் இதழைக் கிடைக்கச் செய்தது, பெண்களும் சிற்றூர் வாசகர்களும் அடங்கிய புதிய வாசகர் உலகை உருவாக்கியது என்பது ஒன்று. எண்ணிக்கையே அளவுகோலானதால் பலரும் விரும்புவது மட்டுமே எழுதத்தக்கது என்ற நிலை தோன்றியது, ஆழ்ந்த இலக்கிய முயற்சிகள் சிற்றிதழ்களுக்குள் ஒதுங்கின என்பது மற்றொன்று.

இதழும் படப்பிடிப்பு நிலையமும் ஒருவருக்கே உரிமையாக இருந்தமையும் கவனத்துக்குரியது. படத்தை எடுப்பவர், அதற்கு விளம்பரம் தருபவர், அவ்விளம்பரத்தை வெளியிடுபவர் ஆகிய மூவரும் ஒருவரே ஆகும்போது, வாசகர் தாம் படிப்பது செய்தியா, கருத்தா, விற்பனையா என்பதைத் தாமே ஆராய வேண்டியவராகிறார்.

ஆயினும் விளம்பரத்தின் ஆற்றலுக்கு எல்லை உண்டு என்பதையும் வாசனின் வாழ்க்கை காட்டுகிறது. 1958 ஆம் ஆண்டில் வஞ்சிக்கோட்டை வாலிபன் தமிழில் பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டில் அவரே இயக்கிய அதன் இந்தி வடிவமான ராஜ் திலக் அவ்வெற்றியைப் பெறவில்லை. விளம்பரத்தால் மக்களை ஒருமுறை அழைத்துவர இயலும். அவர்கள் மீண்டும் வருவது விளம்பரப்படுத்தப்பட்ட பொருளைப் பொறுத்தது.

பொறுப்புகளும் மறைவும்

வாசன் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவராகப் பணியாற்றினார். 1964 ஆம் ஆண்டு முதல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1969 ஆம் ஆண்டில் இந்திய அரசு இவருக்குப் பத்மபூசண் விருது வழங்கியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 26 அன்று சென்னையில் காலமானார். இவருக்குப் பின் மகன் எஸ். பாலசுப்பிரமணியன் விகடனின் பொறுப்பை ஏற்றார்.

1987 ஆம் ஆண்டில் விகடனின் அட்டையில் வெளிவந்த அரசியல் நகைச்சுவைச் சித்திரத்துக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் அவர் சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். அப்போது முதலமைச்சராக இருந்தவர், வாசனின் கதையில் திரைக்கு அறிமுகமான ம. கோ. இராமச்சந்திரன் ஆவார்.

ஓவியர் கோபுலு 1960களில் விகடனை விட்டு விலகி விளம்பரத் துறையில் சேர்ந்தார். 1972 ஆம் ஆண்டில் ஆட் வேவ் என்னும் விளம்பர நிறுவனத்தைத் தாமே தொடங்கினார். விளம்பரத்திலிருந்து இதழுக்கு வந்த வாசனின் பாதையை இவர் எதிர்த்திசையில் கடந்தார்.

ஜெமினி ஸ்டூடியோ பிற்காலத்தில் மூடப்பட்டு, அவ்விடத்தில் விடுதியும் வணிகக் கட்டடங்களும் எழுந்தன. அதன் அருகே 1973 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்பது அரசு இட்ட பெயர். எனினும் சென்னை மக்கள் அதனை ஜெமினி மேம்பாலம் என்றே வழங்கி வருகின்றனர். வாசனின் நூற்றாண்டையொட்டி 2004 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று இந்திய அஞ்சல்துறை அவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.